கருப்பூர் பாணியில் வரைந்து உடையாகத் தைக்கணும்: கறுப்புக் கோடு பிசிறடிக்குது, சிவப்பு திட்டுத்திட்டா வருது

நெய்தல்வண்ணம் (கேள்வி)

தஞ்சாவூர் மராத்தியர் அடையாளத்தை மையமாக வைத்து ஐந்து உடைகள் கொண்ட ஒரு தொகுப்பு செய்கிறேன். சுவரில் மாட்டினால் ஓவியம், ஒருவர் போட்டுக்கொண்டால் உடை. இரண்டாகவும் நிற்க வேண்டும். அரண்மனைக்காக உருவான கோடாலிக் கருப்பூர்ப் புடவையின் கட்டங்களும், சிக்கல்நாயக்கன்பேட்டையில் வரையும் கோயில் துணிகளின் பட்டைகளும்தான் அடிப்படை. கலம் (துணியில் வரையும் மூங்கில் பேனா), இயற்கைச் சாயம் மட்டும். அக்ரிலிக் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன்.

சோதனைத் துண்டுகளில் வந்த சிக்கல்கள்:

கசிம் (இரும்பை வெல்லத் தண்ணீரில் ஊறவைத்து எடுக்கும் சாறு) கொண்டு போட்ட கறுப்புக் கோடு இரண்டு பக்கமும் பிசிறடித்துப் பரவுகிறது. துணி, கடையில் வாங்கிய வெள்ளை பாப்ளின். ஐந்து மீட்டருக்கு 100 கிராம் கடுக்காய்த் தூள், 1 லிட்டர் பாக்கெட் பால் (நீலம்), 3 லிட்டர் தண்ணீர்.

சிவப்பு திட்டுத்திட்டாக இருக்கிறது, நிறமும் செங்கல் ஆரஞ்சு. படிகாரம் பூசி மறுநாள் அலசிவிட்டு மஞ்சிட்டியில் (சிவப்புச் சாயம் தரும் வேர்) கொதிக்க வைத்தேன். வீட்டில் ஆர்ஓ தண்ணீர்தான்.

வரைந்துவிட்டு வெட்டுவதா, வெட்டித் தைத்துவிட்டு வரைவதா?

கடைசியாக, இதற்கு "கருப்பூர் கலம்காரி" என்று லேபிள் போடலாமா?

கலக்கட்டு

முதல் தப்பு பாப்ளினிலேயே இருக்கிறது. கடை வெள்ளைத் துணியில் கஞ்சி, ஃபினிஷிங் ரசாயனம், வெளுப்பூட்டி எல்லாம் சேர்ந்திருக்கும். கடுக்காய் ஓர் இடத்தில் பிடிக்கும், ஓர் இடத்தில் பிடிக்காது. வெளுக்காத காடா துணி வாங்குங்கள். உடைக்கு 40ஆம் நம்பர் நூல் போதும். அதைவிட மெல்லிசாகப் போனால் கோடு பின்பக்கம் இறங்கும், தையலும் தாங்காது. ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவிட்டு, மறுநாள் லிட்டருக்கு 5 கிராம் சலவை சோடா போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க வைத்து, நன்றாக அலசிக் காய வையுங்கள். காய்ந்த துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உடனே உள்ளே இழுக்க வேண்டும். முத்தாக நின்றால் கஞ்சி போகவில்லை, திரும்பவும் கொதிக்க வைக்க வேண்டியதுதான்.

அடுத்து பால். பால் சேர்ப்பதே அதன் கொழுப்புக்காகத்தான். இழைக்கு இழை தண்ணீர் ஓடாமல் அதுதான் தடுக்கிறது. நீல பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம். அதையும் மூன்று மடங்கு தண்ணீர் விட்டுக் கரைத்திருக்கிறீர்கள். கோடு பரவாமல் என்ன செய்யும்? காய்ச்சாத எருமைப்பாலில் 6, 7 சதவீதம் இருக்கும். கிடைக்கவில்லை என்றால் 6 சதவீதம் உள்ள ஃபுல் கிரீம் பாக்கெட் ஓரளவு ஈடுகட்டும். ஐந்து மீட்டருக்கு (சுமார் 700 கிராம் துணி) என் அளவு: கொட்டை நீக்கிய கடுக்காய்த் தூள் 150 கிராம், எருமைப்பால் 1 லிட்டர், தண்ணீர் 2 லிட்டர். தூளை முதலில் கொஞ்சம் பாலில் பசையாகக் குழைத்துக்கொண்டு, பிறகு மீதிப் பாலையும் தண்ணீரையும் ஊற்றி வடிகட்டுங்கள். துணியைப் பத்துப் பதினைந்து நிமிடம் கையால் பிசைந்து ஊறவையுங்கள்.

பிழிவதில்தான் பலருக்கும் கெடுகிறது. ஒருவரே முறுக்கிப் பிழிந்தால் முறுக்கு விழுந்த இடத்தில் பால் குறைந்து, அந்த மடிப்பு வரியில் மட்டும் கோடு பரவும். இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து ஒரே சீராகப் பிழிந்து, வெயிலில் விரித்துக் காயப்போடுங்கள். நடுவில் ஒருமுறை திருப்பிப் போட வேண்டும். இல்லையென்றால் வெயில் பட்ட பக்கம் மட்டும் அதிகமாக மஞ்சளித்துப் போகும். பால் வாடை இருக்கும், எறும்பும் வரும். மழை ஈரக்காற்றில் இந்த வேலையே வேண்டாம். துணி மொறமொறப்பாகக் காய்ந்திருந்தால்தான் கோடு நிற்கும். காய்ந்த துணியை வாரக்கணக்கில் அடுக்கி வைக்காமல் சீக்கிரம் வரைந்துவிடுங்கள்.

கசிமைப் பற்றி எழுதவில்லை. எத்தனை நாள் ஊறியது? 5 லிட்டர் தண்ணீருக்குத் துருவை உதறித் துடைத்த பழைய இரும்பு அரைக் கிலோ, வெல்லம் 250 கிராம், கருப்பட்டி 100 கிராம். வாயைத் துணியால் கட்டி 15 முதல் 20 நாள். வெல்லம் புளித்து, அந்தப் புளிப்பு இரும்பைக் கரைத்துக்கொண்டு வரும். நுரை அடங்கியதும் கடுக்காய் ஏற்றிய துண்டில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். பழுப்பாக விழுந்து கண்ணெதிரே கறுக்க வேண்டும். சாம்பல் நிறத்திலேயே நின்றால் கசிம் முற்றவில்லை, அல்லது துணியில் கடுக்காய் போதவில்லை. உங்கள் 100 கிராம் குறைவுதான்.

அவசரப்பட்டு வினிகரில் இரும்பு போட்டு இரண்டு நாளில் கசிம் செய்வதாக யூடியூப்பில் காட்டுகிறார்கள். கறுப்பு வரும், மறுக்கவில்லை. ஆனால் புளிப்பும் இரும்பும் அளவுக்கு மீறினால் துணியைத் தின்னும். பழைய துணிகளில் பூ முழுசாக இருக்க, கறுப்புக் கோடு ஓடிய தடம் மட்டும் அரித்து விட்டுப்போயிருப்பதைப் பார்க்கலாம். சுவரில் தொங்கும் துணியே அப்படி என்றால், இழுபடும் உடையில் சீக்கிரம் தெரிந்துவிடும். அதனால் கோட்டைத் தேவைக்கு மேல் பருமனாக்காதீர்கள். பெரிய இடத்தைக் கறுப்பால் நிரப்ப வேண்டாம்.

கலத்தில் முனைக்கு ஓர் அங்குலம் மேலே கம்பளித் துணி சுற்றி நூலால் இறுக்கியிருக்கும் அல்லவா, அதைத் தோய்த்ததும் கிண்ண விளிம்பில் ஒருமுறை அழுத்தி எடுங்கள். முதல் இரண்டு கோட்டை எப்போதும் கழிவுத் துண்டில் இழுத்துவிட்டே துணிக்கு வர வேண்டும்.

மஞ்சிட்டிக்கொடி

சிவப்பைப் பற்றி நான் சொல்கிறேன்.

ஆரஞ்சு அடிப்பதற்குக் காரணம் ஆர்ஓ தண்ணீர். மஞ்சிட்டி, சாயவேர் வகைகளின் சிவப்புக்குப் படிகாரத்தோடு சுண்ணாம்புச் சத்தும் வேண்டும். அது இல்லாத தண்ணீரில் நிறம் ஆரஞ்சுப் பக்கம் சரியும். உப்பு படியும் போர்வெல் தண்ணீர் உங்கள் ஆர்ஓவைவிட நன்றாகச் சாயம் போடும்! இல்லையென்றால் லிட்டருக்கு 1 கிராம் சாக்குத் தூள் (கால்சியம் கார்பனேட்) கலந்துகொள்ளுங்கள்.

திட்டுக்கு மூன்று இடங்களைப் பாருங்கள்.

பூசும் இடம்: 1 லிட்டர் வெந்நீரில் 100 கிராம் படிகாரம், ஆறவிட்டுப் பூச வேண்டும். படிகாரத் தண்ணீருக்கு நிறம் கிடையாது. எங்கே பூசினோம், எங்கே விட்டோம் என்று தெரியாமல் ஓரத்தில் இரண்டு முறை விழும், நடுவில் விட்டுப்போகும். துளி மஞ்சிட்டிச் சாறு கலந்து நிறமேற்றிக்கொள்ளுங்கள். நிரப்புவதற்கு மழுங்கிய முனைக் கலம். ஓரம் காய்வதற்குள் அடுத்த இழுப்பு அதைத் தொட வேண்டும். காய்ந்த ஓரத்தின் மேல் மறுபடி பூசினால் அங்கே வரி விழும்.

அலசும் இடம்: பூசி ஒரு நாளாவது காய விட்டுத்தான் அலச வேண்டும், அதைச் செய்திருக்கிறீர்கள். ஆனால் எதில் அலசினீர்கள்? ஆற்றில் அலசுவதற்குக் காரணம் உண்டு. ஒட்டாத படிகாரத்தை ஓடும் தண்ணீர் உடனே அடித்துக்கொண்டு போய்விடும். பக்கெட்டில் அலசினால் அதே படிகாரம் வெற்றிடத்தில் ஒட்டி, பின்னால் அங்கேயும் சிவக்கும். ஆறு இல்லாதவர்கள் பெரிய தொட்டியில் லிட்டருக்கு 5 கிராம் சாக்குத் தூள் கலந்து, துணியை மடிக்காமல் விரித்தபடி பத்து நிமிடம் அலைத்து, பிறகு மூன்று தண்ணீர் மாற்ற வேண்டும்.

காய்ச்சும் இடம்: 700 கிராம் துணிக்கு 350 கிராம் மஞ்சிட்டித் தூள். முந்தின நாளே ஊறப்போட்டு, துணி மூட்டை கட்டித் தொங்கவிடுங்கள். தூளாகப் போட்டால் துணியில் ஒட்டி அதுவே புள்ளி புள்ளியாக நிற்கும். அண்டா பெரிதாக இருக்கட்டும். துணி குளிர்ந்த தண்ணீரிலேயே உள்ளே போய், ஒரு மணி நேரத்தில் மெல்லச் சூடேற வேண்டும். பிறகு ஆவி பறக்கிற சூட்டில், தளபுளவென்று கொதிக்க விடாமல் இன்னொரு மணி நேரம். கொதித்தால் மஞ்சிட்டியில் உள்ள பழுப்பு இறங்கிச் சிவப்பை மங்க அடிக்கும். கம்பால் துணியைப் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இரும்புச் சட்டி, துருப்பிடித்த வாளி எதுவும் பக்கத்திலேயே வரக்கூடாது, சிவப்பு கருஞ்சிவப்பாகப் போகும். எவர்சில்வர் அல்லது ஈயம் பூசிய செம்பு.

முடிந்ததும் வெற்றிடம் முழுக்க அழுக்கு ரோஜா நிறமாக இருக்கும். பயப்பட வேண்டாம். சாணம் கரைத்த தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவைத்து அலசி, இரண்டு மூன்று நாள் வெயிலில் விரித்துத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தால் படிகாரம் இல்லாத இடம் வெளுத்துவிடும்.

மஞ்சள், பச்சை போடுவதாக இருந்தால் இன்னொரு முறை பால் ஏற்ற வேண்டும். முதல் பாலின் கொழுப்பு காய்ச்சும்போதே போய்விட்டது. கடுக்காய்ப்பூ மஞ்சள் வெளிச்சத்தில் மங்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். கண்காட்சி விளக்கு நேராக அடிக்கும் உடையில் நான் மஞ்சளை நம்பமாட்டேன்.

கத்தரிக்கோல்

தையல் பக்கம். தைத்துவிட்டு வரையவே கூடாது. இரண்டு மடங்கு துணி உள்ள தையல் ஓரத்தில் பாலும் சாயமும் தேங்கி, ஓரமெல்லாம் கறை கட்டும். துண்டு துண்டாக வெட்டிவிட்டு வரைவதும் ஆகாது. இத்தனை அலசலில் வெட்டிய ஓரம் நூல் பிரியும், கிராஸில் (இழைக்குச் சாய்வாக) வெட்டிய பகுதி இழுத்துக்கொண்டு வடிவம் மாறும்.

முழுத் துணியில் பேட்டர்னை வரைந்துகொண்டு, அதற்குள் ஓவியம் போட்டு, எல்லாச் சாயமும் முடிந்த பிறகுதான் கத்தரி.

ஆனால் அதற்கு முன்னால் சுருக்கத்தை அளக்க வேண்டும். அதே துணியில் 50 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றைக் கசிமால் வரைந்து, பாலிலிருந்து கடைசி வெயில் வரை எல்லாப் படியையும் தாண்ட விடுங்கள். பாவு வாக்கில் 48 ஆகியிருந்தால் பேப்பர் பேட்டர்னின் நீளத்தை 50ஐ 48ஆல் வகுத்த அளவுக்கு, அதாவது 1.04 மடங்குக்குப் பெரிதாக்குங்கள். ஊடை வாக்கில் வேறு அளவு வரும், அதைத் தனியாகக் கணக்கிடணும். நூறு செ.மீ. பாவாடையில் நாலு செ.மீ. குறைந்தால் கீழ்ப் பட்டையின் பாதியைத்தான் மடித்துத் தைக்க வேண்டியிருக்கும்.

தையல் விளிம்பு ஒன்றரை அங்குலம் விடுங்கள். தையல் கோட்டைத் தாண்டி ஒரு சென்டிமீட்டர் வரை ஓவியம் போகட்டும், அதற்கு மேல் வேண்டாம். பக்கத் தையலில் பட்டைகள் சேர வேண்டும் என்றால் முன்துண்டையும் பின்துண்டையும் துணியில் பக்கம் பக்கமாக ஒரே ஊடை வரியில் வைத்து, பட்டையை ஒரே இழுப்பாக இரண்டிலும் வரைந்துவிடுங்கள். தைக்கும் முன்பு ஒவ்வொரு பட்டை ஓரத்திலும் குண்டூசி, பிறகு கையால் ஓட்டுத் தையல், அதற்குப் பிறகே மெஷின்.

டாட் (உடம்பு வடிவுக்குப் பிடிக்கும் மடிப்புத் தையல்) பிடிக்கும் இடத்தில் கட்டம் போட்டால் கட்டம் உடைந்து தெரியும். நேர்வெட்டு அங்கரக்கா, பாவாடை, மேல்துணி என்று டாட்டே இல்லாத உடையாக யோசியுங்கள். அம்ப்ரெல்லா கட் வேண்டவே வேண்டாம். அக்குளுக்குச் சாயம் போடாத காடாவில் லைனிங் கொடுங்கள். வியர்வை இந்தச் சாயங்களுக்கு ஆகாது.

பழந்துணிப்பெட்டி

உருவங்களைப் பற்றி யாரும் பேசவில்லையே. தொகுப்பின் பொருளே அடையாளம் என்கிறீர்கள், அப்படியானால் எது யாருக்காக வரையப்பட்டது என்ற கணக்கு துல்லியமாக இருக்க வேண்டும்.

கோடாலிக் கருப்பூர் கொள்ளிடத்தின் வடகரையில், இன்றைய அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது. அந்தப் புடவை வெறும் ஓவியத் துணி அல்ல. தறியிலேயே பருத்தியின் நடுவே ஜரிகைப் புட்டாக்களைக் கோத்து நெய்துவிடுவார்கள். அதன்மேல் மெழுகும் சாயமும் ஏற்றும்போது, சுற்றியுள்ள பருத்தி கருஞ்சிவப்பாகி, ஜரிகை மட்டும் செம்புபோல உள்ளிருந்து மினுங்கும். மராத்தி அரண்மனை வாங்கிக்கொண்டிருந்தவரை அது வாழ்ந்தது. 1855இல் தஞ்சை அரசு முடிந்ததும் அதன் புரவலரும் போய்விட்டார். ஆக, வெறும் காடாவில் கலத்தால் வரைந்ததைக் கருப்பூர்ப் புடவை என்று சொல்ல முடியாது. அதன் கட்ட அமைப்பை எடுத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் இணையத் தொகுப்பில் துணிகளைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். கட்டத்தின் கோடு எவ்வளவு மெல்லியது, ஜரிகை கட்டத்தின் எந்த இடத்தில் வருகிறது என்பதை அங்கே எண்ணியே வரையுங்கள்.

சிக்கல்நாயக்கன்பேட்டைத் துணி கோயிலுக்கானது. தேரிலும் மண்டபத்திலும் தொங்கும் தொம்பை, மேலே கட்டும் ஆஸ்மானகிரி, வாசலுக்கு வாசமாலை. உங்களுக்கு மிக உதவப்போவது தொம்பைதான். அது உருளை. சுற்றி ஓடும் பட்டைகள், ஒன்றின் கீழ் ஒன்று. சேரும் இடத்தில் உருவம் வெட்டுப்படாதபடி திட்டமிட்ட வடிவமைப்பு. உடம்பைச் சுற்றும் பாவாடைக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பை நீங்கள் தேடிப் பிடிக்க முடியாது. புடவையின் கட்டத்தை மேலுடைக்கும், தொம்பையின் பட்டையைக் கீழுடைக்கும் பிரித்துக்கொண்டால் அரண்மனையும் கோயிலும் ஒரே உடம்பில் வந்துவிடும்.

வளைந்த கொடியில் பெரிய பெரிய பூ பூத்த மரம், கலம்காரி என்றாலே எல்லோரும் வரைகிறார்களே, அதை இந்தத் தொகுப்பில் சேர்க்கும் முன் யோசியுங்கள். அது சோழமண்டலக் கரையில் ஐரோப்பியரின் படுக்கை விரிப்புக்கும் திரைக்கும் அவர்கள் ருசியைக் கேட்டு வளர்ந்த வடிவம். ஐரோப்பாவில் அந்தத் துணி எப்படி விற்றது என்றால், உள்ளூர் நெசவைக் காப்பாற்ற பிரான்ஸ் 1686 முதல் 1759 வரை தடையே போட்டது. இங்கிலாந்து 1700, 1721 இரண்டு முறை சட்டம் கொண்டுவந்தது. நல்ல வடிவம்தான். ஆனால் அது ஏற்றுமதியின் கதை, தஞ்சை அரண்மனையின் கதை அல்ல.

தொழில்முறையில் மேலே நண்பர்கள் சொன்ன கடுக்காய், எருமைப்பால், படிகாரம், சாயவேர் எல்லாம் 1742இல் கேர்து என்ற பிரெஞ்சுப் பாதிரியார் இந்தக் கரையிலிருந்து எழுதிய கடிதத்திலேயே இருக்கின்றன. வேலை ஒன்று, வாங்கியவர்கள் வேறு வேறு.

லேபிள்: போடாதீர்கள். கருப்பூர் கலம்காரி ஓவியத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பகுதியில் செய்து, பயனாளராகப் பதிவு பெற்றவர்களே அந்தப் பெயரில் விற்கலாம். "கோடாலிக் கருப்பூர்ப் புடவையின் கட்டத்தையும் தொம்பையின் பட்டையையும் தழுவியது, காடா துணி, கலம், இயற்கைச் சாயம்" என்று குறிப்பெழுதுங்கள். நேர்மையாகவும் இருக்கும், பார்ப்பவருக்கும் விவரம் கிடைக்கும்.

இன்னொன்று, தொம்பையில் வரும் தெய்வ உருவங்களை அப்படியே பாவாடைக்குக் கொண்டுவர வேண்டாம். இடுப்புக்குக் கீழே தெய்வ முகம் வந்தால் கண்காட்சியில் பேச்சு ஓவியத்தைப் பற்றி இருக்காது.

கலக்கட்டு

கடைசிப் பத்தியில் எனக்கு உடன்பாடு இல்லை. எதையும் தொடாமல் ஒதுங்குவதற்காகவா ஓவியம்? ஆனால் வேறு ஒரு காரணத்துக்காக நானும் முகங்களை வேண்டாம் என்பேன். தொம்பை விறைப்பாகத் தொங்கும், உடை மடியும். கண்ணும் மூக்கும் மடிப்பில் விழுந்தால் கோணிப்போகும். யாளி, அன்னம், கொடி, இதழ்ப்பட்டை மடிந்தாலும் அழகு கெடாது.

நெய்தல்வண்ணம்

எல்லோருக்கும் நன்றி. 50 செ.மீ. சதுரம் இன்றே போடுகிறேன். தெய்வ உருவங்கள் இல்லை, பட்டை மட்டும்.

இரண்டு சந்தேகம். கருப்பூர்க் கட்டத்தில் சிவப்புக்கு நடுவே மெல்லிய வெள்ளைக் கோடு வருகிறதே, அதற்கு மெழுகு போட்டால் சூடான சாயத்தில் உருகிவிடாதா? ஜரிகைப் புட்டா போட்ட துணியைத் தனியாக நெய்ய வைத்தால் இதே முறையில் சாயம் போடலாமா?

மஞ்சிட்டிக்கொடி

உருகும். உருகட்டும். சிவப்பில் மெழுகு தடுப்பது சாயத்தை அல்ல, படிகாரத்தை. மெழுகுக் கோட்டை முதலில் போட்டு, அதன்மேல் படிகாரம் பூசிக் காயவிட்டு அலசினால், மெழுகு இருந்த இடத்தில் படிகாரம் போயிருக்காது. அண்டாவில் மெழுகு உருகிப் போனாலும் அந்த இடத்தில் சிவப்பு தங்காது, சாண வெளுப்பில் வெள்ளைக் கோடாக எழுந்துவிடும். நீலத்துக்குத்தான் கதை வேறு. அவுரித் தொட்டி குளிர்ந்தது, அதில் மெழுகு கடைசிவரை நின்று நேரடியாகச் சாயத்தைத் தடுக்கும்.

ஒரே நிபந்தனை, மெழுகைத் தனி அண்டாவில் வெந்நீரில் எடுத்துவிட்டுச் சாயத்துக்குப் போங்கள். சாய அண்டாவிலேயே உருகவிட்டால் மேலே மிதந்து, துணியைத் தூக்கும்போது படலமாக ஒட்டி மறுபடி திட்டு விழும். மெழுகுக்கு மூங்கில் கலம் உதவாது, முனைக்கு வருவதற்குள் உறைந்துவிடும். சூட்டைப் பிடித்து வைக்கும் இரும்பு முனைக் கலம் வேண்டும். கோடு துணியின் பின்பக்கமும் தெரிந்தால்தான் மெழுகு இறங்கியிருக்கிறது. மேலாக வெள்ளையாக உறைந்து நின்றால் மெழுகு ஆறிவிட்டது, படிகாரம் அடியில் புகுந்துவிடும்.

ஜரிகை: நெய்யக் கொடுக்கும் முன்பே நூலை மட்டும் ஒரு முழம் வாங்கி, சோடாவில் கொதிக்க வைத்து, கசிமில் தோய்த்து, மஞ்சிட்டியில் ஒரு மணி நேரம் போட்டு எடுங்கள். பிளாஸ்டிக் ஜரிகை சுருங்கி முறுக்கிக்கொள்ளும், செம்பு அதிகமுள்ளது கறுக்கும். எதுவும் ஆகாத நூலைப் பார்த்து நெசவுக்குக் கொடுங்கள். புட்டாவின் மேல் கசிம் கோடு ஏறாமல் ஒரு நூல் இடைவெளி விட்டே வரையுங்கள்.

கத்தரிக்கோல்

ஜரிகைத் துணியானால் அந்த 50 செ.மீ. சதுரத்தைத் திரும்பவும் போடணும். ஜரிகை சுருங்காது, பருத்தி சுருங்கும், புட்டாவைச் சுற்றித் துணி சுருக்கம் தட்டும். அதனால் நெய்து வந்ததும் ஒருமுறை கொதிக்க வைத்து, இஸ்திரி போடாமல் நான்கு பக்கமும் இழுத்துக் கட்டிக் காயவிட்டு, அதன்பிறகே பேட்டர்ன் வரையுங்கள். துவைக்க பூந்திக்கொட்டைத் தண்ணீர் மட்டும். கறை எடுக்கிறேன் என்று எலுமிச்சையோ புளியோ தேய்த்தால் கசிம் கறுப்பு அந்த இடத்தில் பழுப்பாகிவிடும். உடை வாங்குபவரிடம் இதை எழுதியே கொடுங்கள்.